ஆஸ்திரேலியாவின் என்.பி.எல். கால்பந்து சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்போர்னில் கால்பந்து பார்க்கிறேன் என்று சொன்னால், ஊரிலிருந்து அழைப்பவர்கள் உடனே இங்கே உச்சத்தில் இருக்கும் தொழில்முறைத் தொடரான ஏ லீக் பற்றிக் கேட்பார்கள். நான் அதிகம் போவது அதற்கு ஒரு படி கீழே இருக்கும் ஆட்டங்களுக்கு. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பூட்ஸ் மாட்டுகிறவர்களின் லீக் அது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

என்.பி.எல். என்பது ஒரே லீக்கா?

பெயர் ஒன்று, லீக்குகள் எட்டு. நேஷனல் பிரீமியர் லீக்ஸ் என்ற குடையின் கீழ் நியூ சவுத் வேல்ஸ், வட நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மானியா, கான்பெரா தலைநகர்ப் பகுதி ஆகியவை தனித்தனியே லீக் நடத்துகின்றன. நியூ சவுத் வேல்ஸுக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்காதீர்கள். நியூகாசிலும் அதன் நிலக்கரிச் சுரங்க ஊர்களும் சிட்னியோடு சேராமல் தங்கள் கால்பந்தைத் தாங்களே நிர்வகித்து வருகின்றன. அந்த ஊர்க்காரர்களிடம் சிட்னிக்காரர் யாரும் இதைப் பற்றி வாதாடி வென்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2013இல் இந்த ஏற்பாடு தொடங்கியது. விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா, வட நியூ சவுத் வேல்ஸ் ஆகியவை 2014இல் வந்து சேர்ந்தன. அதற்கு முன்பும் ஒவ்வொரு மாநிலத்திலும் லீக் இருந்தது. பெயர்ப்பலகை மாறியது, விதிகள் ஒரே மாதிரியாயின, அவ்வளவுதான்.

சீசன் எந்த மாதங்களில் நடக்கிறது?

பிப்ரவரி அல்லது மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை. அதாவது ஆஸ்திரேலியாவின் குளிர்காலம் முழுவதும். ஏ லீக் இதற்கு நேர் எதிராக அக்டோபரில் தொடங்கிக் கோடையில் நடக்கும். எட்டு அணிகள் மோதும் சிறிய லீக்கும் உண்டு, பதினாறு அணிகள் மோதும் பெரிய லீக்கும் உண்டு. அதனால் ஆட்டங்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். ஜூலை மாத இரவு ஆட்டத்துக்கு மெல்போர்னில் கம்பளித் தொப்பி இல்லாமல் போகிறவர் ஒரு முறைதான் அப்படிப் போவார்.

கிளப்களுக்குக் கிரேக்க, இத்தாலிய, குரோவேஷிய வாடை அடிக்கிறதே, ஏன்?

அவர்கள் கட்டிய கிளப்கள் என்பதால். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஐரோப்பியர்களுக்கு இங்கிருந்த கிரிக்கெட்டும் ரக்பியும், ஃபூட்டி எனப்படும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தும் அந்நியம். தொழிற்சாலை வேலை முடிந்த பிறகு சொந்த மொழியில் பேசச் சிலர் வேண்டும், உதைக்கப் பந்து வேண்டும். அடிலெய்டில் இத்தாலியர்கள் 1946இல் யுவென்டஸ் என்ற பெயரில் தொடங்கியதுதான் இன்றைய அடிலெய்ட் சிட்டி. மெல்போர்ன் நைட்ஸ் 1953இல் குரோவேஷியர்கள் தொடங்கியது. சிட்னியின் லைக்கார்ட் பகுதியில் இருக்கும் ஏபியா இத்தாலியர்களுடையது, சிட்னி ஒலிம்பிக் கிரேக்கர்களுடையது, மெல்போர்னின் பிரெஸ்டன் லயன்ஸ் மாசிடோனியர்களுடையது. மால்டாக்காரர்களுக்குக் கிரீன் கல்லி, செர்பியர்களுக்கு பானிரிக் ஒயிட் ஈகிள்ஸ் என்று பட்டியல் நீளும்.

நம்மூரில் வெளியூர்க்காரர்கள் வைத்திருக்கும் சங்கம் போல என்று சொன்னால் புரியும். கல்யாணப் பேச்சு, வேலை தேடல், அரசியல் சண்டை எல்லாம் அங்கேதான். நடுவில் ஒரு கால்பந்து மைதானம் இருக்கும்.

இவ்வளவு பழைய கிளப்கள் ஏன் இரண்டாம் தட்டில் கிடக்கின்றன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

1977இல் நேஷனல் சாக்கர் லீக் தொடங்கியது. எந்த வகைக் காற்பந்திலும் ஆஸ்திரேலியாவின் முதல் நாடு தழுவிய லீக் அதுதான். மேலே சொன்ன புலம்பெயர்ந்தோர் கிளப்களே அதன் முதுகெலும்பு. சவுத் மெல்போர்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் கிரேக்கர்கள் ஹெல்லாஸ் என்ற பெயரோடு உருவாக்கிய கிளப். நான்கு முறை தேசிய சாம்பியன். 1991இல் அது பட்டம் வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் ஹங்கேரியின் மாமேதை ஃபெரென்ச் புஸ்காஸ், அணித் தலைவர் ஆஞ்சி போஸ்டகோக்லு. அதே போஸ்டகோக்லு பின்னர் பயிற்சியாளராகி, 2000 ஜனவரியில் பிரேசிலில் நடந்த முதல் ஃபிஃபா கிளப் உலகப் போட்டிக்கு இந்த அணியை அழைத்துப் போனார். மரக்கானா மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-0 என்று தோற்றார்கள். தோற்றார்கள்தான், ஆனால் மரக்கானாவில் தோற்றார்கள்.

நான்கே ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. கடன், காலி இருக்கைகள், ரசிகர் கலவரங்கள், நிர்வாகச் சீர்கேடு என்று நேஷனல் சாக்கர் லீக் தள்ளாடியது. கால்பந்து நிர்வாகத்தை ஆராய்ந்து 2003இல் வந்த கிராஃபோர்ட் அறிக்கை அந்த நிர்வாகத்தையே அடியோடு மாற்றச் சொன்னது. 2004இல் பழைய லீக் மூடப்பட்டது. 2005இல் எட்டு அணிகளோடு ஏ லீக் பிறந்தது. பெரும்பாலும் ஒரு நகரத்துக்கு ஓர் அணி, எந்த இனத்தையும் சாராத பெயர், புதிய சீருடை, தனியார் முதலாளிகள். பழைய லீக்கின் கடைசி சீசனில் ஆடியவற்றில் பெர்த் குளோரி, அடிலெய்ட் யுனைடெட், நியூகாசில் ஆகியவை மட்டும் உள்ளே போயின. சவுத் மெல்போர்ன், சிட்னியின் மார்கோனி, சிட்னி யுனைடெட், மெல்போர்ன் நைட்ஸ் எல்லாம் மாநில லீக்குக்குத் திரும்பின.

ஆட்டத்தில் தோற்றுக் கீழே இறங்கினால் அது வேறு. இவர்கள் தோற்று இறங்கவில்லை. வீட்டைக் கட்டியவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள், வென்றாலும் திரும்ப உள்ளே வர வழி வைக்கவில்லை. ஏ லீக்கில் இன்று வரை தரமேற்றமும் இல்லை, தரமிறக்கமும் இல்லை. புதிய லீக் தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை, பழையது நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தது. ஆனால் என்.பி.எல். மைதானங்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் 2004 வந்துவிடும்.

சிட்னி யுனைடெட் 58 என்கிறார்களே, அந்த 58 என்ன?

கிளப் தொடங்கிய ஆண்டு 1958. பெயர்களுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1990களில் நிர்வாகம் இன அடையாளப் பெயர்களை நீக்கச் சொன்னது. சிட்னி குரோவேஷியா சிட்னி யுனைடெட் ஆனது, மெல்போர்ன் குரோவேஷியா நைட்ஸ் ஆனது, பிரெஸ்டன் மாசிடோனியா லயன்ஸ் ஆனது. லயன்ஸ், நைட்ஸ், ஈகிள்ஸ் என்று லீக் முழுவதும் வீரப் பெயர்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம். 2014இல் இன்னொரு கொள்கை வந்து புதிய இனப் பெயர்களுக்கும் சின்னங்களுக்கும் தடை போட்டது. 2019இல் அது கைவிடப்பட்டது. கான்பெரா எஃப்.சி. என்றிருந்த கிளப் இப்போது கான்பெரா குரோவேஷியா என்று வெளிப்படையாகவே அழைத்துக்கொள்கிறது.

பெயரை மாற்றினாலும் பாட்டிகள் மாற்றவில்லை. பிரெஸ்டன் மைதானத்தில் இன்றும் மாசிடோனியக் கொடியின் சிவப்பும் மஞ்சளும்தான்.

லீக்கில் முதலிடம் பிடித்தால் சாம்பியன்தானே?

இல்லை. ஆஸ்திரேலியாவில் இது எல்லாரையும் குழப்பும். புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடிப்பவர் பிரீமியர். அதன் பிறகு பெரும்பாலான லீக்குகளில் முன்னணி அணிகள் மோதும் இறுதிச் சுற்றுகள் நடக்கும், கடைசி ஆட்டமான கிராண்ட் ஃபைனலில் வெல்பவர்தான் சாம்பியன். ஏழு மாதம் முன்னணியில் இருந்துவிட்டு ஒரு மழை நாளில் பெனால்டி ஷூட் அவுட்டில் பட்டத்தை விட்டவர்கள் உண்டு. ஐரோப்பிய லீக் பார்த்து வளர்ந்த எனக்கு இது இன்னும் அநியாயமாகவே படுகிறது. ஃபூட்டியும் ரக்பியும் பார்த்து வளர்ந்த உள்ளூர்க்காரர்களுக்கோ கிராண்ட் ஃபைனல் இல்லாத சீசன், பாயசம் இல்லாத விருந்து.

மாநில சாம்பியன்கள் ஒருவரோடொருவர் மோதுவார்களா?

2013 முதல் 2019 வரை மோதினார்கள். ஒவ்வொரு லீக்கின் பிரீமியரும் செப்டம்பரில் ஒரு சிறு தொடரில் ஆடினார்கள். முதல் ஆண்டு சிட்னி யுனைடெட் 58, அடுத்த ஆண்டு அடிலெய்டின் மெட்ரோஸ்டார்ஸ், 2017இல் மெல்போர்னின் ஹைடெல்பெர்க் யுனைடெட், 2018இல் கேம்பெல்டவுன் சிட்டி, 2019இல் வொல்லொங்காங் வுல்வ்ஸ் வென்றன. பிறகு கோவிட் வந்தது, தொடர் நின்றது, திரும்பவே இல்லை. அதனால் பல ஆண்டுகளுக்கு, பெர்த்தில் லீக்கை வென்ற அணிக்கு அடுத்து ஆட எதுவும் இல்லை. கோப்பையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

2025 அக்டோபரில் நிலைமை மாறியது. அதன் முன்கதை சுருக்கமாக: நாடு தழுவிய முழு நேர இரண்டாம் டிவிஷன் வேண்டும் என்று பழைய கிளப்கள் ஆண்டுக்கணக்கில் போராடின. 2023 நவம்பரில் எட்டு கிளப்கள் தேர்வாயின: ஏபியா, மார்கோனி, சிட்னி ஒலிம்பிக், சிட்னி யுனைடெட் 58, வொல்லொங்காங் வுல்வ்ஸ், சவுத் மெல்போர்ன், பிரெஸ்டன் லயன்ஸ், ஆவன்டேல். எட்டை வைத்துத் தனி லீக் நடத்த முடியாது. ஆகவே திட்டம் சுருங்கி, ஆஸ்திரேலியன் சாம்பியன்ஷிப் என்ற குறுந்தொடராக வந்தது. அந்த எட்டோடு மாநில லீக்குகளிலிருந்து எட்டு அணிகள் சேர்ந்து பதினாறு; நான்கு நான்காகப் பிரிந்து ஆடி, பிறகு நாக் அவுட். முதல் தொடரில் தாஸ்மானியாவின் சவுத் ஹோபார்ட்டும் இருந்தது. 1910இல் தொடங்கிய கிளப் அது.

இதை வென்றாலும் ஏ லீக்குக்குள் போக முடியாது. கதவில் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

ஏ லீக் அணிகளோடு மோத வாய்ப்பே இல்லையா?

ஆஸ்திரேலியா கோப்பையில் உண்டு. 2014இல், அப்போதைய தேசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் பெயரால் எஃப்.எஃப்.ஏ. கோப்பை என்று தொடங்கி 2022இல் பெயர் மாறியது. நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட கிளப்கள் முதல் சுற்றுகளில் நுழைகின்றன. கடைசி 32 அணிகளில் ஏ லீக் அணிகள் வந்து சேரும். பழிவாங்கும் நாள் அது.

முதல் ஆண்டிலேயே, 2014 ஆகஸ்டில், அடிலெய்ட் சிட்டி 1-0 என்று ஏ லீக்கின் வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸை வீழ்த்தியது. அதே வாண்டரர்ஸ் மூன்று மாதத்துக்குள் சவூதியின் அல் ஹிலாலை வென்று ஆசிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. ஆசியாவின் சாம்பியனை அந்த ஆண்டு வென்ற ஆஸ்திரேலிய அணிகளில் ஒன்று, வாரத்தில் சில மாலைகள் மட்டும் பயிற்சி எடுக்கும் அணி என்பது எனக்கு இன்னும் சலிக்காத செய்தி.

2022இல் சிட்னி யுனைடெட் 58 அரையிறுதியில் ஏ லீக்கின் பிரிஸ்பேன் ரோரைத் தோற்கடித்து இறுதிப் போட்டிக்குப் போனது, என்.பி.எல். கிளப் ஒன்று அங்கே வந்தது அதுவே முதல் முறை. இன்னொரு ஏ லீக் அணியான மகார்தரிடம் 2-0 என்று தோற்றது. அந்த இரவை ரசிகர்களில் ஒரு சிறு கூட்டம் நாஜி வணக்கம் வைத்து அசிங்கப்படுத்தியதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இருபது ஆண்டு காத்திருந்து கிடைத்த மேடையில், இன வெறுப்பை வளர்க்கும் கிளப்கள் என்று எதிராளிகள் சொல்லிவந்த குற்றச்சாட்டுக்குத் தாங்களே சாட்சி சொன்னார்கள். 2025இல் ஹைடெல்பெர்க் யுனைடெட் இறுதிக்கு வந்து நியூகாசில் ஜெட்ஸிடம் தோற்றது.

என்.பி.எல்.லில் தரமிறக்கம் உண்டா?

பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. அடியில் முடிக்கும் ஓரிரு அணிகள் கீழே போகும், கீழிருந்து மேலே வரும். எத்தனை என்பதை அந்தந்த மாநிலச் சம்மேளனம் முடிவு செய்யும், அடிக்கடி மாற்றவும் செய்யும். ஆகஸ்டில் முதலிடத்துக்கான ஆட்டத்தைவிடக் கடைசி இடத்துக்கான ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும்.

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டா?

உண்டு, அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதனால்தான் பாதித் தொழில்முறை என்கிறார்கள். மின்பணியாளர், பள்ளி ஆசிரியர், உடற்பயிற்சிப் பயிற்றுநர், பல்கலைக்கழக மாணவர் என்று அணி கலவையாக இருக்கும். வாரத்தில் மூன்று மாலை பயிற்சி, வார இறுதியில் ஆட்டம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு வெள்ளி இரவு நான் சற்றுச் சீக்கிரமே மைதானத்துக்குப் போய்விட்டேன். வண்டி நிறுத்துமிடத்தில் எனக்குப் பக்கத்தில் கூரையில் ஏணி கட்டிய வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. பளிச்சென்ற மஞ்சள் வேலைச் சட்டையோடு இறங்கியவர், கதவைத் திறந்து வைத்து வாழைப்பழம் ஒன்றை இரண்டே கடியில் விழுங்கினார். கருவிப் பெட்டிக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவிலிருந்து பூட்ஸை உருவி எடுத்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இடது தடுப்பாட்டக்காரர் அவர்தான். இரண்டாம் பாதியில் கோல்கோட்டின் மேல் நின்று ஒரு பந்தைத் தலையால் தள்ளிக் காப்பாற்றினார். ஆட்டம் முடிந்து காப்பி வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றிருந்தார், புருவத்தின் மேல் பிளாஸ்டர். நல்ல ஆட்டம் என்றேன். காலையில் ஆறு மணிக்கு வேலைத்தளத்தில் இருக்க வேண்டும் என்றார்.

ஏ லீக்கில் இது நடக்காது. அங்கே ஆட்டக்காரர் பாதுகாவலர் புடைசூழப் போய்விடுவார்.

பணக்கார கிளப் ஒன்று எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வாங்கிவிட முடியாதா?

முயல்வார்கள். அதைத் தடுக்க வந்ததுதான் புள்ளி முறை. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் அவருடைய பின்னணியைப் பொறுத்துப் புள்ளி உண்டு. கிளப்பிலேயே வளர்ந்த பையனுக்குக் குறைவு, வெளியிலிருந்து இழுத்து வந்தவருக்கு அதிகம். மொத்தம் வரம்பைத் தாண்டக் கூடாது. எண்ணம் நல்லதே. ஆனால் மூத்த ஆட்டக்காரர்களுக்கு இடமில்லாமல் போகிறது என்று ஒவ்வொரு சீசனும் முணுமுணுப்பு எழும்.

ஏ லீக் கிளப்களின் பெயர்களும் என்.பி.எல். புள்ளிப் பட்டியலில் இருக்கின்றனவே?

அவை இளையோர் அணிகள். பத்தொன்பது வயதுப் பையன்கள் முப்பத்து நான்கு வயது முரட்டுத் தடுப்பாட்டக்காரரிடம் மோதிக் கற்றுக்கொள்ளட்டும் என்று அனுப்புகிறார்கள். கற்றுக்கொள்கிறார்கள், பெரும்பாலும் வலியோடு. இந்த அணிகளுக்கென்று ரசிகர் கூட்டம் கிடையாது. பெற்றோர்கள் வருவார்கள், தேர்வாளர் ஒருவர் குறிப்பேட்டோடு நிற்பார். அன்று உணவுக்கடையில் விற்பனை படுத்துவிடும் என்று உள்ளூர் கிளப்கள் குறைப்படும்.

இந்த லீக்குகளிலிருந்து மேலே போனவர்கள் யார்?

காராங் குவோல் ஷெப்பர்டன் என்ற பழத்தோட்ட ஊரில் வளர்ந்தவர். தெற்கு சூடானியக் குடும்பம், எகிப்தில் பிறப்பு. கோல்பர்ன் வேலி சன்ஸ் அணியில் ஆடிவிட்டு சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸுக்குப் போனார். 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார்; கடைசி நொடிகளில் அவர் உதைத்த, சமன் செய்திருக்க வேண்டிய பந்தை அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் தடுத்தார். அப்போது குவோலுக்கு வயது 18. நெஸ்டரி இராங்குண்டா அடிலெய்டின் குரோவேஷிய கிளப்பான ரெய்டர்ஸில் ஆடியவர். 2024இல் பாயர்ன் மியூனிக்கில் சேர்ந்தார்.

தமிழ் வாசகர்கள் நிஷான் வேலுப்பிள்ளை என்ற பெயரைக் கவனித்திருப்பீர்கள். மெல்போர்னில் பிறந்தவர், தந்தை வழியில் தமிழர், மெல்போர்ன் விக்டரியின் இளையோர் அணி வழியாக வந்தவர். 2024 அக்டோபரில் அடிலெய்டில் சீனாவுக்கு எதிராக ஆஸ்திரேலியாவுக்கு முதல் முறை இறங்கினார், கோலும் போட்டார். வர்ணனையாளர்கள் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.

இவ்வளவு பெரிய நாட்டில் பயணம் எப்படி?

மாநில லீக் என்பதால் பெரும்பாலும் ஒரே நகரத்துக்குள் முடிந்துவிடும். பெர்த் அணிகளுக்கு அரை மணி நேரக் கார் பயணம். தாஸ்மானியாவில் ஹோபார்ட்டிலிருந்து டெவன்போர்ட்டுக்குச் சுமார் 280 கிலோமீட்டர், பஸ்ஸில் போய் ஆடிவிட்டு அன்றிரவே திரும்புவார்கள். குயின்ஸ்லாந்துதான் இதில் அடிபட்டது. லீக் தொடங்கியபோது வடகோடியில் இருக்கும் கெயின்ஸிலிருந்தும் ஓர் அணி ஆடியது. பிரிஸ்பேனுக்குச் சாலை வழி 1,700 கிலோமீட்டருக்கு அருகில். சென்னையிலிருந்து நாக்பூரையும் தாண்டிப் போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். சில ஆண்டுகளில் அந்த அணி இல்லாமல் போனது.

உலகெங்கும் சூதாடிகள் இந்த ஆட்டங்களின் மேல் பணம் கட்டுகிறார்களாமே?

ஆமாம். காரணம் நாட்காட்டிதான். ஐரோப்பா ஓய்வெடுக்கும் ஜூனிலும் ஜூலையிலும் இங்கே சீசன் உச்சத்தில் இருக்கும். பிரிட்டனின் கால்பந்துப் பந்தயச் சீட்டுகளில் 1940களின் இறுதியிலிருந்தே கோடைக்காலத்தில் ஆஸ்திரேலிய ஆட்டங்கள் இடம்பெற்றன. லிவர்பூலில் ஒரு கிழவர், தான் ஒருநாளும் பார்க்கப் போகாத அணிகள் சமன் செய்ய வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருப்பார்.

இணையம் வந்த பிறகு அது விளையாட்டாக இல்லை. 2013இல், என்.பி.எல். ஆவதற்கு முந்தைய விக்டோரிய லீக்கில் கடைசி இடத்தில் இருந்த சதர்ன் ஸ்டார்ஸ் அணியைப் பந்தயக் கும்பல் ஒன்று வளைத்தது. இங்கிலாந்திலிருந்து வந்து ஆடிக்கொண்டிருந்த சிலர் வேண்டுமென்றே கோல் விட்டார்கள். பந்தயத் தொகைகளைக் கண்காணிக்கும் நிறுவனம் ஒன்று எச்சரிக்க, செப்டம்பரில் போலீஸ் கைது செய்தது. நூறு பேர் வேடிக்கை பார்க்கும் ஆட்டத்தில் கோடிக்கணக்கில் பணம் புரள்வதும், ஆடுகிறவரின் கையில் சொற்பமே இருப்பதும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். கம்பி வேலியோரம் ஒருவர் ஆட்டத்தைப் பார்க்காமல் போனில் ஓயாமல் தகவல் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் வீட்டுக்குப் பேசவில்லை.

பெண்கள் லீக் உண்டா?

உண்டு, அதே மாதங்களில். ஏ லீக் பெண்கள் சீசன் ஆண்டு முழுவதும் நடக்காது என்பதால் அங்கே ஆடுகிற பலர் குளிர்காலத்தில் மாநில லீக்குக்கு வந்துவிடுவார்கள். 2023 உலகக் கோப்பைக்குப் பிறகு சிறுமிகள் சேர்க்கையால் பல கிளப்களில் உடை மாற்றும் அறைகள் போதவில்லை.

என் பிள்ளையைச் சேர்க்கலாமா?

தாராளமாக, ஆனால் பணப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு. என்.பி.எல். கிளப்களின் இளையோர் பிரிவில் இடம் பிடிக்கத் தேர்வு உண்டு. தேறிய பிறகு ஆண்டுக் கட்டணம் பல கிளப்களில் 2,000 டாலரைத் தாண்டும். பெரியவர்கள் அணிக்கான சம்பளத்துக்குச் சிறுவர்களின் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள் என்ற புகார் பழையது, முழுக்கப் பொய்யும் இல்லை. பந்து உதைத்து மகிழ்ந்தால் போதும் என்றால் அக்கம்பக்கத்துச் சமூக கிளப் போதும், சனிக்கிழமை காலையும் மிஞ்சும்.

வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

பல மாநிலங்களின் ஆட்டங்கள் யூடியூபில் நேரலையாக வருகின்றன. ஒற்றைக் கேமரா ஆட்டங்களும் இருக்கும். பந்து மூலைக்குப் போனால் மின்கம்பம் மறைக்கும், கோல் விழுந்ததைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிட்னியிலோ மெல்போர்னிலோ ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு என்றால் ஜூலையில் தமிழ்நாட்டில் காலை பத்தரை.

முதல் முறை மைதானத்துக்குப் போகிறேன். எங்கே போகலாம், என்ன எதிர்பார்க்கலாம்?

மெல்போர்ன் என்றால் பிரெஸ்டன் லயன்ஸின் சொந்த மைதானம். சிட்னி என்றால் லைக்கார்டில் இருக்கும் லாம்பர்ட் பார்க், வீடுகளுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். டிக்கெட் மலிவு. எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். பயிற்சியாளர் திட்டுவது, கோல்கீப்பர் பதிலுக்குத் திட்டுவது, நடுவர் இருவரையும் அடக்குவது எல்லாம் காதில் விழும். பந்து வேலியைத் தாண்டி வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.

இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே உணவு வரிசைக்குப் போய்விடுங்கள். கிரேக்க கிளப் என்றால் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சுவ்லாகி, குரோவேஷிய கிளப் என்றால் செவாப்பி. விரல் நீள இறைச்சி உருண்டைகளைக் கரியடுப்பில் சுட்டு, பிளந்த ரொட்டியில் வைத்து, பச்சை வெங்காயமும் சிவப்பு மிளகாய்ச் சாந்தும் போட்டுத் தருவார்கள். காரம் போதுமா என்று அடுப்படியில் நிற்கும் தாத்தா கேட்பார். நம்மைப் பார்த்ததும் கேட்காமலேயே இன்னொரு கரண்டி போடுவார். இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்குச் சூடான உருளைக்கிழங்கு வறுவல் உண்டு, அதையும் சீக்கிரம் வாங்கிவிடுங்கள், இரண்டாம் பாதி தொடங்கும்போது தீர்ந்துவிடும்.